போனுக்குள் இருக்கிற அத்தா

ஜூலை 10, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பெட்டி பிரிக்கும் வேலை.

நேற்று மதியம் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். விமானத்தில் தூக்கம் இல்லை, சென்னையிலிருந்து வந்த காரிலும் இல்லை. நான் ஷார்ஜாவுக்குப் போனபோது ஹனா, நஸ்ரின் வயிற்றில். இப்போது ஒன்றே முக்கால் வயது. பெற்ற மகளை முதல் தடவையாகத் தூக்கப் போகிறவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்.

வாசலில் நஸ்ரின், இடுப்பில் ஹனா. பக்கத்தில் நஸ்ரினின் அக்கா பரீதா. கீழ் வீட்டில் இருக்கிறவர். ஹனாவை வளர்த்ததில் பாதி அவர்தான்.

“ஹனா, யாரு வந்துக்கிறாங்க பாரு! அத்தா வந்துட்டாங்க!”

ஹனா பார்த்தாள். கரண்டு கணக்கெடுக்க வந்த ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை. கையை நீட்டினேன். முகத்தை அம்மா கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

“அத்தா எங்கடி? அத்தாவக் காட்டு” என்றார் பரீதா அக்கா.

இடுப்பிலிருந்து இறங்கினாள். நேராக உள்ளே போய்க் கட்டில் மேல் கிடந்த நஸ்ரினின் போனை எடுத்தாள். “த்தா” என்று சொல்லி அதற்கு ஒரு முத்தம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

கொண்டுவந்தவை: பாதாம், பேரீச்சை, பரீதா அக்காவுக்குத் தைலம், நஸ்ரினுக்குத் துணி, ஹனாவுக்குப் பேசுகிற பொம்மை. பொம்மை அரபியில் பேசுகிறது. கடைக்காரன் இங்கிலீஷ் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய் வந்தேன். மீன் ஆணம் ஊற்றிச் சோறு. இரண்டு வருஷம் கழித்து நஸ்ரின் கையால் சாப்பாடு. அதை எழுத உட்கார்ந்தால் பக்கம் போதாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

ஹனா சாப்பிடவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அவள் சாப்பாட்டு நேரம் எனக்குத் தெரியும். அங்கே என் மதிய இடைவேளையும் ஏறக்குறைய அதுதான். ஆறு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து தினமும் வீடியோவில் வருவேன். காக்கா போலக் கத்துவேன், பொய்த் தும்மல் தும்முவேன், பாட்டுப் பாடுவேன். ஹனா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நஸ்ரின் ஒரு வாய் ஊட்டிவிடுவாள். தூரத்தில் இருந்தாலும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தகப்பன் என்று எனக்குள் ஒரு பெருமை. ஷார்ஜா ரூமில் கூட இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இன்று நேரில் உட்கார்ந்து அதே காக்கா, அதே தும்மல். அலறினாள்.

“தம்பி, நீ எதிர்ல குந்திக்கினு இருந்தா எப்டி சாப்டுவா? புது ஆளப் பாத்து பயப்படறா” என்றார் பரீதா அக்கா.

புது ஆள். சரி.

கடைசியில் யோசனை சொன்னது நஸ்ரின்தான், அதுவும் சிரித்துக்கொண்டே. நான் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தி, கீழே இருக்கிற என் வீட்டுக்கே வீடியோ போட்டேன். “த்தா!” என்று ஒரு சத்தம். என்ன சந்தோஷம் அந்த முகத்தில்! கிண்ணம் காலி. வியர்வை கண்ணில் இறங்க, காக்கா போலக் கத்திக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தேன். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுதாள்.

என் மேலேயே எனக்குப் பொறாமை.

ஜூலை 14, திங்கள்

காற்று. மாலையில் இரண்டு தூறல், அதோடு சரி.

ஹனா பேசுகிற வார்த்தைகள், இன்று கவனித்தது:

ம்மா. நஸ்ரின், பெரியம்மா, பால், பூனை, எல்லாமே இதுதான்.
த்தா. போன்.
ஹூம். வேண்டாம்.

அவ்வளவுதான். ரூம் நண்பனின் மகன் இதே வயதில் போனிலேயே வார்த்தைக்கு வார்த்தை சண்டை போடுவான். பின்னால் நின்று ‘ஹனா’ என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டாலும் இல்லை.

நஸ்ரினிடம் மெதுவாகக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

“எனக்கு ரொம்ப நாளா பயம்ங்க. அவளுக்குத் தெரியாம பின்னாடி நின்னு ஸ்பூனைத் தட்டித் தட்டிப் பாத்துக்கினு இருந்தேன். ஒரு நாள் திரும்புவா, ஒரு நாள் திரும்ப மாட்டா.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க போன்ல வர்றதே சிரிக்க வெக்கத்தான். அதுல போய் இதைச் சொல்லவா?”

போன் மணி அடித்தால் ஓடி வருகிறாளே, காது கேட்காத பிள்ளை எப்படி ஓடி வரும் என்றேன். கட்டில் மேல் போன் அதிர்வதைப் பார்த்துக்கூட ஓடி வரலாமே என்றாள். எல்லாவற்றையும் தனியாகவே யோசித்துத் தீர்த்திருக்கிறாள், பாவி. பரீதா அக்கா வந்து, “நம்ம வூட்ல எல்லாருமே லேட்டுதான் பேசுவாங்க. நஸ்ரின் மூணு வயசு வரைக்கும் ஊமை” என்றார். நஸ்ரின் அழுதுகொண்டே சிரித்தாள்.

புதன்கிழமை டாக்டர்.

ஜூலை 16, புதன்

குழந்தைகள் டாக்டர், தி.வனம். கூட்டம். டோக்கன் வாங்கிவிட்டு வெளியே இளநீர். எடை நன்று, உயரம் நன்று, நடை நன்று. ஹனா டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை விடவே இல்லை.

“போன்ல கார்ட்டூன் போட்டு ஊட்டுறீங்களா?”

“ஒரு நாள்கூட இல்லைங்க டாக்டர்.” எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கார்ட்டூன் கூடாது என்று நானே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

“அப்புறம் எப்படி சாப்பிடுறா?”

“போன்ல என்னைப் பாத்துக்கினுதான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மொட்டை மாடிக் கதையையும் நஸ்ரின் சொல்லிவிட்டாள், மானம் போயிற்று.

“அப்போ நீங்கதாங்க கார்ட்டூன்” என்றார்.

அவர் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன். முதலில் காது பரிசோதனை, அதுவும் விழுப்புரத்தில். அங்கேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரையும் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். “பயப்படற மாதிரி எதுவும் எனக்குத் தெரியல. ஆனா சந்தேகத்தை வெச்சிக்கினு இருக்கக் கூடாது.”

பஸ் ஸ்டாண்டில் நஸ்ரினுக்குப் பூ வாங்கினேன். ஹனா அதைப் பிய்த்தாள்.

ஜூலை 21, திங்கள்

வி.புரம். காலையில் பஸ். உட்கார இடம் கிடைத்தது.

குழந்தை தூங்கும்போதுதான் காதைச் சோதிக்க முடியுமாம். அதனால் முன்தினமே பகலில் தூங்கவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். விடவில்லை. பலன்: பஸ் ஏறியதும் தூங்கினாள், ஜன்னல் காற்றில் வாய் பிளந்து, ராஜாத்தி மாதிரி. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும் விழித்துக்கொண்டாள்.

தூங்க வைக்கச் செய்தவை: பால். தோளில் போட்டு வராந்தா முழுக்க நடை. நஸ்ரினின் தாலாட்டு. என் தாலாட்டு (உடனே நிறுத்தச் சொன்னார்கள்). மறுபடியும் நடை. மதியம் தாண்டி நஸ்ரின் மடியிலேயே கண் சொருகினாள்.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். இவ்வளவு சின்ன தலைக்கு இவ்வளவு ஒயரா. நான் நாளெல்லாம் ஏசி மெஷினில் ஒயரோடு கிடக்கிறவன். ஒயரைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்றுதான். நஸ்ரின் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

அல்ஹம்துலில்லாஹ். வெளியே டீக்கடையில் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். “சக்கரை பத்தலீங்களா?” என்றார் டீ மாஸ்டர். பத்துது என்றேன்.

பிறகு பேச்சுப் பயிற்சி அறை. வித்யா என்று ஒரு பெண், சின்ன வயது, தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடி, கிண்ணம், மரக்கட்டை கொஞ்சம். “நீங்க குழந்தையோட விளையாடுங்க சார், நான் பாக்கறேன்” என்றார்.

என் முழுத் திறமையையும் காட்டினேன். காக்கா. தும்மல். கட்டையை அடுக்கி, “இது இன்னா? இது இன்னா கலரு? அத்தாவப் பாரு, இங்க பாரு, ஹனா இங்க பாரு” என்று ஒரு ஆட்டம். வியர்த்துவிட்டது. பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். குழந்தை ரெண்டு மூணு தடவை உங்ககிட்ட ஏதோ சொன்னா. நீங்க கவனிக்கல.”

“எப்போ?”

“நீங்க பேசிக்கினே இருந்தீங்க.”

நஸ்ரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை இல்லை, சிரிப்பு.

வித்யா விளக்கினார். வீடியோவில் ஒரு நொடி சும்மா இருந்தால் லைன் போய்விட்டதோ என்று நமக்குப் பதறும், அதனால் விடாமல் பேசுவோம். குழந்தை ஒரு சத்தம் போட்டால், அது போய்ச் சேருவதற்குள் அந்தப் பக்கம் இருக்கிறவர் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார். தான் கூப்பிட்டதற்குத்தான் பதில் வருகிறது என்பதே குழந்தைக்குப் புரியாது. பார்க்க மட்டும் கற்றுக்கொள்ளும். “அவளைப் பொறுத்தவரைக்கும் அத்தா, சாப்பிடறப்போ ஓடற ஒரு படம் சார். படத்துக்கு யாராவது பதில் சொல்வாங்களா?”

உறைத்தது. நன்றாகவே உறைத்தது.

வீட்டில் செய்ய வேண்டியது: தரையில் உட்கார வேண்டும், அவள் கண் மட்டத்துக்கு. அவள் எதைப் பார்க்கிறாளோ அதை நாமும் பார்க்க வேண்டும். வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். சத்தம் போட்டால் அதையே திருப்பிச் சொல்லி, கூட ஒரே ஒரு வார்த்தை. சாப்பாட்டில் போன் கிடையாது.

இத்தனையிலும் எனக்குக் கஷ்டமானது வாயை மூடுவது.

ஜூலை 22, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஹனா என் பக்கமே வரவில்லை. பூனையிடம் போனாள். பூனைக்கு இந்தக் கலை பிறவியிலேயே தெரியும் போல.

“இன்னாங்க, ஜுரமா? சத்தமே காணோம்?” நஸ்ரின்.

மாலையில் மறந்து தும்மல் போட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

ஜூலை 25, வெள்ளி

கரண்டு இல்லை காலையிலிருந்து. ஷட் டவுன். ஒருவகையில் நல்லது, போனில் சார்ஜும் இல்லை.

சாப்பாட்டுப் போர். போன் இல்லாமல் முதல் நாள், கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். அடுத்த நாள் என் மேல் பருப்புச் சோறு. நேற்று பரீதா அக்கா முந்தானைக்குள் தன் போனை மறைத்துக்கொண்டு வந்து, என் பழைய வீடியோ ஒன்றைப் போட்டு ஊட்டிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தோம்.

“பச்சப்புள்ளய பட்டினி போட்றதுக்கு ஒரு டாக்டரு, ஒரு வைத்தியம்! நீங்கல்லாம் புள்ள வளக்கறீங்களா, இல்ல மிலிட்டரி நடத்துறீங்களா?”

“பசிச்சா சாப்டுவாக்கா.”

“சாப்டலன்னா?”

நஸ்ரின் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனாள். அக்கா கோபமாக இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவரே கேப்பைக் கூழ் காய்ச்சி மேலே அனுப்பியிருந்தார். கோபத்திலும் வெல்லம் போட மறக்கவில்லை.

இன்று மதியம் நாங்கள் இருவரும் கீழே உட்கார்ந்து எங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டோம். ஹனாவைப் பார்க்கவே கூடாது என்று ஏற்பாடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். நஸ்ரின் தட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு என் தட்டு. முட்டையில் ஒரு துண்டு, சின்னது, கையால் எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த துண்டு. பிறகு என் சோற்றில் கையை விட்டுப் பிசைந்தாள். தட்டு, பாய், என் கைலி எல்லாம் சோறு.

நஸ்ரினை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, சத்தம் போட்டு அழுதுவிடுவேன் என்று.

ஜூலை 30, புதன்

இன்று எழுதியே ஆக வேண்டும்.

ஹனாவைக் குளிப்பாட்டுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். மாடியில், தொட்டிக் குழாய்க்குப் பக்கத்தில். சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் கால் மேல் ஊற்றினேன். சிரித்தாள். மறுபடியும் மொண்டேன், ஆனால் ஊற்றவில்லை. சொம்பைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். சொம்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்! வந்த நாளிலிருந்து இப்படி நேராக, காரியமாக, என் கண்ணை அவள் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

“ண்ணி.”

“ண்ணி! தண்ணி!” ஊற்றினேன்.

குதித்தாள். நின்றாள். காத்திருந்தேன்.

“ண்ணி!”

ஊற்றினேன். இப்படியே தொட்டி பாதியாகும் வரை. கீழிருந்து வீட்டுச் சொந்தக்காரர், “மாடில யாருங்க தண்ணிய வுடறது?” என்று கத்தினார். என் மகள் பேசுகிறாள் ஐயா, பொறுத்துக்கொள்ளும். இதை மனதுக்குள்தான் சொன்னேன்.

நஸ்ரின் ஓடி வந்தாள். அவளுக்காக இன்னும் ஒரு சொம்பு. “ண்ணி.” நஸ்ரின் நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூப்பிட்டால் பதில் வரும் என்று ஹனாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோட்டக்குப்பத்தில் என் அக்கா வீட்டுக்கு. பிரியாணி. அங்கிருந்து மாலை பொம்மையார்பாளையம் கடற்கரை.

ஹனாவுக்குக் கடல் புதிது. மணல் பிடித்தது, படகு பிடித்தது, வலையில் ஒட்டிக்கொண்டிருந்த நண்டு மிகவும் பிடித்தது. அலை பிடிக்கவில்லை. ஒரு பெரிய அலை நுரைத்துக்கொண்டு வர, அலறித் திரும்பி என் காலைக் கட்டிப் பிடித்தாள். தூக்கினேன். கழுத்தை இறுக்கிக்கொண்டாள். சட்டைக் காலரில் அவள் எச்சில், மணல், மூக்குச்சளி. இறங்க மறுத்துவிட்டாள். கரை முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கை விட்டுப்போயிற்று. மாற்றிக்கொள்ளவா என்று நஸ்ரின் கேட்டாள், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் நஸ்ரின் தூரத்தில் இருந்தாள், பக்கத்தில் நான்தான் இருந்தேன், அதனால்தான் என்னிடம் வந்தாள் என்றும் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வி.புரம், இரண்டாவது முறை. வழியெல்லாம் ஹனா பஸ் ஜன்னலில் “கா, கா” என்று காக்காவைக் காட்டிக்கொண்டு வந்தாள். நானும் “காக்கா, கருப்பு” என்று வித்யா சொன்னபடி ஒரே வார்த்தை சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். முன் சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

வித்யாவுக்குச் சந்தோஷம். “நல்லா வர்றா. இப்படியே போங்க.”

எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன். “இன்னும் ரெண்டு வாரத்துல நான் போயிடுவேங்க. அதுக்கப்புறம் அவளுக்கு நான் போன்லதான். போனை வெச்சா கெடுதல், வெக்கலன்னா நானே இல்ல. இன்னா பண்றது?”

உடனே பதில் சொல்லவில்லை. அவரும் காத்திருக்கிறவர்தானே. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: போன் பேசுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். நஸ்ரின் மடியில் வைத்துக்கொண்டு பேசட்டும். நீங்கள் வித்தை காட்ட வேண்டாம், அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவள் எழுந்து போனால் போகட்டும்.

“என்னை மறந்துடுவாளா?”

“அது எனக்குத் தெரியாது சார். பொய் சொல்ல விரும்பல.”

திரும்பும்போது பஸ்ஸில் ஹனா மட்டும்தான் “கா, கா”. நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நல்ல மழை, இடியோடு. மாடியில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலை நனைந்ததில், பரீதா அக்கா மழையைத் திட்டினார், பிறகு எங்களை.

ஹனாவின் வார்த்தைகள், இன்று வரை: ம்மா, பெம்மா (பரீதா அக்காவுக்குத் தனிப் பெயர் கிடைத்ததில் தெருவெல்லாம் பெருமை), ண்ணி, கா, பூ, இன்னு (இன்னும் வேண்டும்), மியா, போ.

என்னை எப்படிக் கூப்பிடுகிறாள்? கைலியைப் பிடித்து இழுக்கிறாள். பூனைக்குப் பெயர் இருக்கிறது, காக்காவுக்குப் பெயர் இருக்கிறது. எனக்குக் கைலி. காலையில் எழுந்ததும் என் வயிற்றின் மேல் ஏறி உட்காருகிறாள். என் தட்டில்தான் சாப்பாடு. செருப்பை எடுத்தால் தன் செருப்பையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எல்லாம் சரி. ஆனால், “அத்தா எங்கடி?” என்று பெம்மா கேட்டால் இன்னும் போனைத்தான் காட்டுகிறாள். மடியில் உட்கார்ந்துகொண்டே காட்டுகிறாள், கள்ளி.

“அது உங்க பழைய பேருங்க. வேற ஆளுக்குக் குடுத்துட்டா” என்கிறாள் நஸ்ரின்.

சிரித்தேன். இருந்தாலும் ஒரே ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டுப் போக ஆசை. சொல்லிக் கொடுக்கலாம், “அத்தா சொல்லு, அத்தா சொல்லு” என்று நெருக்கலாம். அப்படி நெருக்கக் கூடாது என்பதும் வித்யாவின் சட்டம்.

ஆகஸ்ட் 20, புதன்

பெட்டி கட்டல். ஊறுகாய், இட்லிப்பொடி, நஸ்ரின் வறுத்த கருவாடு (மூன்று கவர் போட்டும் நாற்றம்).

போகாமல் இருந்துவிடலாமா என்று பேசினோம். பேசி முடிகிற விஷயமா. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம். அது முடிந்ததும் இங்கேயே வந்துவிடுவது, தி.வனத்திலேயே ஒரு ஏசி சர்வீஸ் கடை. நஸ்ரின், “சொல்லிட்டு அங்க போனதும் மாறக் கூடாது” என்றாள். மாற மாட்டேன். இதை இங்கே எழுதுவதே அதற்காகத்தான்.

ஹனா பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். துணியை நான் வைக்க வைக்க வெளியே எடுத்துப் போட்டாள். பெட்டி கட்டி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. நானும் அவசரப்படவில்லை.

இன்றும் அந்த வார்த்தை வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

கார் காலை பத்து மணிக்கு.

பரீதா அக்கா சொன்னார், “தூங்கும்போதே கௌம்பிடு தம்பி, ஜல்தியா. முழிச்சா பேஜாரு பண்ணுவா.” எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் புறப்படுவார்கள், பிள்ளை தூங்கும்போது. நான் சின்ன வயதில் தூங்கி எழுந்தபோது என் அத்தாவும் அப்படித்தான் போயிருந்தார், குவைத்துக்கு. தினமும் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன் என்று அம்மா சொல்வார்.

அதனால் ஹனாவை எழுப்பினோம். பல் தேய்த்து, என் தட்டில் இட்லி சாப்பிட்டு, எல்லாம் ஆன பிறகு தரையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “ஹனா, அத்தா வேலைக்குப் போறேன். ரொம்ப தூரம். வர்றதுக்கு ரொம்ப நாளாவும். வருவேன்.” என்ன புரிந்ததோ. என் மூக்கைப் பிடித்தாள்.

கார்க் கதவு வரைக்கும் தன் செருப்போடு வந்தாள். ஏற்றிக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் தரையில் விழுந்து அழுதாள். அழட்டும். போகிறேன் என்று தெரிந்து அழுகிறாள். நஸ்ரின் அவளைத் தூக்கி, சமாதானம் எதுவும் சொல்லாமல் தோளில் சாய்த்துக்கொண்டாள். தெரு திரும்பும் வரை இரண்டு பேரும் கண்ணாடியில் தெரிந்தார்கள்.

மரக்காணம் கூட்டுரோடு தாண்டியதும் டிரைவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 23, சனி. ஷார்ஜா

சூடு. ரூம் ஏசி ரிப்பேர், மெக்கானிக் ரூமிலேயே. வேலைக்கு நாளை மறுநாள்தான்.

இங்கே மாலை நான்கு, அங்கே ஐந்தரை. சாப்பாட்டு நேரம் இல்லை, விளையாட்டு நேரம். வீடியோ போட்டேன். வித்தை எதுவும் இல்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு.

நஸ்ரின் மடியில் ஹனா. என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ‘த்தா’ என்று சொல்லவில்லை, முத்தமும் இல்லை. போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம். என் மூக்கு இருக்கிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். பிடிக்க வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

போனைத் தரையில் வைத்துவிட்டாள். எனக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி மட்டும் தெரிந்தது.

“அடியே, அத்தா இதுலதான இருக்காங்க, எங்கடி போற?” நஸ்ரின் குரல்.

சின்னச் செருப்புச் சத்தம். சமையலறைப் பக்கம் போகிறது. திரும்பி வருகிறது. குளியலறைக் கதவைத் தட்டுகிற சத்தம். பிறகு மாடிப்படிப் பக்கமிருந்து, கூப்பிட்டு நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடியும் கூப்பிடுகிற குரல்:

“த்தா!”

“த்தா!”

நஸ்ரின் போனை எடுக்கக் குனிந்தாள். அவள் முகத்தில் பாதிதான் தெரிந்தது. எடுக்காதே, அப்படியே இருக்கட்டும் என்றேன்.